வைரமுத்துவின் நாவல்களில் நீரும் நிலமும்

வைரமுத்து (பிறப்பு: 1953) தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கவிஞர், நாவலாசிரியர், திரைப்படப் பாடலாசிரியர். கவிதை, நாவல், சிறுகதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு, திரை வசனம் எனப் பல துறைகளில் தொடர்ந்து எழுதி வருபவர். ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலுக்காக 2003-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றார். பெரும்பாலான வாசகர்கள் இவரைப் பாடலாசிரியராகவே அறிவார்கள். இவருடைய உரைநடைப் படைப்புகளைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் பாராட்டுரையாகவோ முழு மறுப்பாகவோ முடிந்துவிடுகிறது. இக்கட்டுரை அவருடைய நாவல்களை, குறிப்பாக வைகைக் கரையைக் களமாகக் கொண்டவற்றை, நிறைகுறைகளோடு மதிப்பிடுகிறது. அந்நாவல்களை இணைக்கும் சரடு நீர் என்பதும், நீரையும் உழைப்பையும் எழுதும் இடங்களில் அவை உயர்ந்து நிற்கின்றன, கருத்துரைக்கும் இடங்களில் தளர்கின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிபு.

நூல்களின் பரப்பு

வைரமுத்துவின் முதல் கவிதைத் தொகுதியான ‘வைகறை மேகங்கள்’ 1972-இல், அவர் கல்லூரி மாணவராக இருந்தபோதே வெளிவந்தது. ‘திருத்தி எழுதிய தீர்ப்புகள்’ 1979-இல் வந்தது. 1980-இல் ‘நிழல்கள்’ படத்தின் மூலம் பாடலாசிரியரானார். முப்பது வயதை ஒட்டியே ‘இதுவரை நான்’ என்ற தன்வரலாற்றை எழுதினார். பாரதியாரின் வாழ்க்கையைப் புதுக்கவிதையில் சொன்ன ‘கவிராஜன் கதை’, சேர நாட்டுப் பின்னணியில் அமைந்த ‘வில்லோடு வா நிலவே’, கடலைக் களமாகக் கொண்ட ‘தண்ணீர் தேசம்’ ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ‘நட்பு’, ‘வண்ணக் கனவுகள்’ போன்ற திரைப்படங்களுக்கு வசனமும் எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகுதான் அவர் தம் சொந்த மண்ணை உரைநடையில் எழுதத் தொடங்கினார். ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2001-இலும், ‘கருவாச்சி காவியம்’ 2006-இலும், ‘மூன்றாம் உலகப்போர்’ அதற்குப் பின்னரும் நூல்களாயின. மூன்றும் ஆனந்த விகடனில் தொடராக வந்தவை. தொடராக வந்தது இந்நாவல்களின் வடிவத்தையே தீர்மானித்தது என்பது பின்னர் விளக்கப்படும்.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே தாமஸ் ஹார்டி நினைவுக்கு வரலாம். அவர் தம் வட்டாரத்துக்கு வெஸ்ஸெக்ஸ் என்று பெயரிட்டு, அந்த மண்ணின் குடியானவர்களைப் பல நாவல்களில் எழுதினார். 1878-இல் வந்த நாவலொன்றில் எக்டன் என்னும் புதர்க்காடே ஒரு பாத்திரமாக நிற்கிறது. 1895-இல் ‘ஜூட்’ நாவலுக்கு வந்த எதிர்ப்புக்குப் பிறகு நாவலை விட்டுக் கவிதைக்குப் போனார். ‘தி டைனாஸ்ட்ஸ்’ என்ற பெரிய நாடகக் காப்பியத்தையும் எழுதினார். வைரமுத்து நடந்த வழி இதற்கு நேர் எதிரானது. கவிதையிலும் பாடலிலும் பெயர் பெற்ற பிறகே மண்ணைச் சொல்லும் நாவலுக்கு வந்தார். கவிஞராகப் பெற்ற பழக்கங்கள் அனைத்தையும் அவர் தம்முடன் கொண்டுவந்தார். அவருடைய உரைநடையின் பலமும் பலவீனமும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

ஒரே மாவட்டம், இரண்டு நிலங்கள்

இந்நாவல்களைப் படிக்கும் முன் தேனி மாவட்டத்தின் நீர்வழியை அறிந்துகொள்வது நல்லது. தேனி என்றதும் வெளியூர்க்காரர்களின் மனத்தில் எழுவது கம்பம் பள்ளத்தாக்கின் பச்சை: நெல்வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல், இரு பக்கமும் மலை. இந்தப் பச்சைக்குக் காரணம் 1895-இல் பென்னிகுவிக் தலைமையில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை. மேற்கு நோக்கிப் பாய்ந்த பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டது. லோயர்கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியாக ஓடி, தேனிக்கு அருகில் வைகையில் சேர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் நிலம் இந்நீரால் இருபோகம் விளைகிறது.

மாவட்டத்தின் மறுபக்கம் வருசநாட்டு மலைக்கும் ஆண்டிபட்டிக்கும் இடைப்பட்ட வறண்ட நிலம். வைகை பிறப்பது இந்தப் பக்கத்தில்தான் என்றாலும், மழைக்காலம் போக மற்ற நாட்களில் ஆறு மணலாகக் கிடக்கும். கள்ளியும் வேலமரமும் முளைக்கும் மானாவாரிக் காடு. இதைத்தான் வைரமுத்து ‘கள்ளிக்காடு’ என்கிறார்.

1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. 71 அடி வரை நீர் தேக்கப்படும் அணை இது. வைகையின் வெள்ளமும் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்துவரும் பெரியாற்று நீரும் இங்கே சேர்கின்றன. இங்கிருந்து மதுரை, மேலூர் பகுதி வயல்களுக்கும் அதற்கு அப்பாலும் நீர் போகிறது. மதுரை நகரம் குடிப்பதும் இந்த நீரைத்தான். அணையின் நீர்ப்பரப்புக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர்களில் ஒன்று மெட்டூர். அதுதான் வைரமுத்து பிறந்த ஊர். அவருடைய குடும்பம் பெரியகுளத்துக்கு அருகே, பூண்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளத்தாக்கில் பென்னிகுவிக்குக்கு லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் உண்டு. பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். நீரைக் கொண்டுவந்தவரை ஒரு பகுதி மக்கள் தெய்வத்துக்கு இணையாக நினைக்கும் அதே மாவட்டத்தில், அதே நீரைத் தேக்குவதற்காக ஊரையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். முன்னவர்களின் நினைவுக்கு மண்டபம் இருக்கிறது. பின்னவர்களின் நினைவைப் பரவலான வாசகர்களிடம் கொண்டுசேர்த்த நூல் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. இந்நாவலின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

கள்ளிக்காட்டு இதிகாசம்

நாவலின் தலைவர் பேயத்தேவர் என்னும் முதிய விவசாயி. பிள்ளைகளால் நிம்மதியற்றவர், பேரன் மொக்கராசுவை ஆளாக்குவதையே மிச்ச வாழ்வின் வேலையாகக் கொண்டவர். வண்டு நாயக்கருடனான நட்பும் முருகாயியுடனான பழைய பிரியமும் அவருடைய ஆறுதல்கள். வறண்ட நிலத்தை விளையவைக்க அவர் படும் பாடே நாவலின் பெரும்பகுதி. அந்தப் பாட்டின் உச்சம் கிணறு வெட்டும் பகுதி. இறுதியில் அணைநீர் ஊருக்குள் ஏறுகிறது.

இக்கதையின் கட்டமைப்பில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. நாவல் முழுவதும் ஒரு மனிதர் தண்ணீருக்காக மண்ணைத் தோண்டுகிறார். கடைசியில் தண்ணீர் வருகிறது, மண்ணை மூடுவதற்காக. இதை ஆசிரியர் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமலேயே வாசகர் உணர்ந்துகொள்கிறார். அணை பொல்லாதது என்றோ, அரசு பகைவன் என்றோ நாவல் எளிமையாகச் சொல்லிவிடவில்லை. அணையால் எங்கோ ஒரு வயல் விளையும் என்பதும் வாசகருக்குத் தெரியும். மதுரைப் பக்கம் நெல் விளைந்ததில் கள்ளிக்காட்டின் பங்கு என்ன, அந்தப் பங்குக்கு யார் கணக்குத் தந்தார்கள் என்ற கேள்வியை மட்டும் நாவல் விட்டுச் செல்கிறது.

நாவலின் அடுத்த பலம் வேலையை எழுதும் விதம். கிணறு வெட்டுவது, மாட்டைப் பேணுவது, கோழி அடித்துக் குழம்பு வைப்பது போன்றவை வெறும் வருணனைகளாக இல்லாமல் செய்முறைகளாகவே எழுதப்பட்டுள்ளன. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எங்கே கை கவனமாக இருக்க வேண்டும், எது தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் வரிசையாக வருகின்றன. எழுத்தறிவு இல்லாத ஒரு மனிதரிடம் எவ்வளவு அறிவு இருந்தது என்பதற்கு இவையே சான்று. ஊர் மூழ்கும்போது நிலத்தோடு சேர்ந்து இந்த அறிவும் போகிறது. பேயத்தேவருக்கு மாற்றிடம் கொடுக்கலாம். எந்த இடத்தில் எத்தனை அடியில் பாறை வரும் என்று அந்தப் புது மண்ணில் அவருக்குத் தெரியாது. இழப்பீட்டுத் தொகையில் அடங்காத இழப்பு எது என்பதை நாவல் இப்படித்தான் காட்டுகிறது.

கருவாச்சி காவியம்

முதல் நாவல் முதியவர் ஒருவரைப் பற்றியது என்றால், ‘கருவாச்சி காவியம்’ ஒரு பெண்ணைப் பற்றியது. பழைய பகை காரணமாக, திருமணமான சில நாட்களிலேயே பஞ்சாயத்தில் அத்துவிடப்பட்ட பெண் கருவாச்சி. கணவன் கட்டையன். அதன்பின் அவள் தனியாளாக நின்று, மகனைப் பெற்று, வளர்த்து, உழைத்து வாழ்வதே கதை. காட்டில் துணையின்றித் தனக்குத் தானே பிள்ளைப்பேறு பார்த்துக்கொள்ளும் பகுதி பலராலும் எடுத்துப் பேசப்படுவது.

இங்கும் ஆசிரியரின் கண் உடலுழைப்பின் மீதே இருக்கிறது. அந்தப் பிள்ளைப்பேற்றுப் பகுதி வாசகரைப் பிடித்துவைப்பதற்குக் காரணம், அவள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொரு நொடியும் தெளிவாகச் சொல்லப்படுவதுதான். துயரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் சொற்கள் குறைவாக உள்ள பக்கங்களே அதிகம் வலிக்கின்றன.

ஆனால் இந்நாவலில் ஒரு சிக்கலும் உண்டு. கருவாச்சிக்குத் துன்பத்தின் மேல் துன்பம் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் மனிதப் பெண்ணாக இருப்பதிலிருந்து விலகிப் பொறுமையின் வடிவமாகிவிடுகிறாள். கோபம், சலிப்பு, ஆசை, சிறு கயமை என்று எல்லாருக்கும் உள்ள குணங்கள் அவளிடம் போதிய அளவு வெளிப்படுவதில்லை. ‘காவியம்’ என்ற பெயரே இதற்குக் காரணமாக இருக்கலாம். காவியத் தலைவிக்கு உரிய மேடையில் ஏற்றியதும், பக்கத்து வீட்டுப் பெண்ணாக அவளைப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது. தாங்கிக்கொள்வதையே பெண்ணின் பெருமையாக்கும் பழைய எண்ணத்தை இந்நாவல் கேள்வி கேட்கிறதா, வலுப்படுத்துகிறதா என்பது வகுப்பறையில் விவாதிக்கத்தக்கது.

தண்ணீர் தேசமும் மூன்றாம் உலகப்போரும்

நீர் என்ற சரடு கள்ளிக்காட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1996-இல் வந்த ‘தண்ணீர் தேசம்’ கலைவண்ணன், தமிழ்ரோஜா என்னும் இரு காதலர்களைக் கடலில் கொண்டுபோய் விடுகிறது. படகு பழுதாகி நிற்க, சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க நீரில்லாத நிலை. கடலைப் பற்றிய அறிவியல் செய்திகளைக் கவிதை நடையில் கலந்து எழுதிய முயற்சி அது. செய்திகள் சுவையானவை. பாத்திரங்கள்தாம் அந்தச் செய்திகளைச் சுமக்கும் வாய்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

‘மூன்றாம் உலகப்போர்’ மீண்டும் கள்ளிக்காட்டுக்கு வருகிறது. கருத்தமாயி என்னும் விவசாயியின் குடும்பமும், சின்னப்பாண்டி என்னும் இளைஞனும், அயல்நாட்டிலிருந்து வரும் எமிலி, இஷிமுரா ஆகியோரும் இதன் பாத்திரங்கள். புவி வெப்பமாதல், உலகமயமாதல், விவசாயிகளின் தற்கொலை ஆகியவை பொருள். தமிழில் சூழலியலை வெகுமக்கள் வாசிக்கும் தொடர்கதைக்குள் கொண்டுவந்த துணிவுக்காக இது பாராட்டப்பட வேண்டும்.

எனினும் இம்மூன்று மண் நாவல்களில் இதுவே பலவீனமானது. கருத்தமாயியும் மண்ணும் மாடும் வரும் பக்கங்களில் பழைய வைரமுத்து தெரிகிறார். எமிலியும் இஷிமுராவும் பேசத் தொடங்கியதும் நாவல் சொற்பொழிவாகிவிடுகிறது. ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஒரு கிணற்றைக் காட்டியே நீர் அரசியலைச் சொல்லிவிட்டது. ‘மூன்றாம் உலகப்போர்’ உலகம் முழுவதையும் காட்ட முயன்றும் அந்த ஒரு கிணறு தந்த அழுத்தத்தைத் தரவில்லை.

மொழிநடை

வைரமுத்துவின் நாவல்களில் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று பாத்திரங்களின் பேச்சு. மற்றொன்று கதைசொல்லியின் பேச்சு.

பாத்திரங்கள் தேனி வட்டார வழக்கில் பேசுகிறார்கள். பழமொழி, வசவு, கேலி, உறவுமுறை விளி எல்லாம் இயல்பாக வருகின்றன. வசனம் சுருக்கமாகவும் காட்சிக்குப் பொருந்தியும் இருக்கிறது. திரைக்கு வசனம் எழுதிய அனுபவம் இங்கே கைகொடுத்திருக்கிறது எனலாம். பல இயல்களை அப்படியே மேடை நாடகமாக நடிக்க முடியும்.

கதைசொல்லியின் குரல் வேறுவகையானது. அது உவமை, உருவகம், அடுக்கு, முத்தாய்ப்பு ஆகியவற்றால் ஆனது. வெயிலுக்கு ஓர் உவமை போதும் என்ற இடத்தில் மூன்று வரும். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன் பொருளைச் சொல்லும் ஒரு வாக்கியம் வரும். கவியரங்கில் கைதட்டல் பெறும் இந்த உத்தி நாவலில் வாசகரின் வேலையைப் பறித்துக்கொள்கிறது. பேயத்தேவர் உணராத ஒன்றை அவருக்காகக் கவிஞர் உணர்ந்து சொல்லும்போது, வாசகர் பேயத்தேவரை விட்டுக் கவிஞரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

இந்த இடத்தில் கி. ராஜநாராயணனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். கரிசல் மண்ணை எழுதிய அவருடைய கதைகளில் கதைசொல்லியும் ஊர்க்காரரே. திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஒருவரின் குரலில் கதை நடப்பதால், பாத்திரத்துக்கும் சொல்பவருக்கும் இடையே மேடு பள்ளம் இல்லை. வைரமுத்துவிடம் பாத்திரம் காட்டில் நிற்கிறது. சொல்பவர் மேடையில் நிற்கிறார். அவர் மேடையிலிருந்து இறங்கி வேலையை மட்டும் சொல்லும் பக்கங்கள் கி.ரா.வுக்கு அருகில் வருகின்றன.

தொடர்கதை வடிவமும் நடையைப் பாதித்திருக்கிறது. வாரம் ஓர் இயல், இயலுக்கு ஒரு நிகழ்ச்சி, முடிவில் ஒரு திருப்பம் என்ற அமைப்பால் ஒவ்வோர் இயலும் தனித்தனியே சிறப்பாக இருக்கிறது. நூலாகச் சேர்த்துப் படிக்கும்போது ஏற்ற இறக்கம் ஒரே சீராகத் தோன்றுகிறது. பல லட்சம் பேரை நாவல் படிக்க வைத்தது இதே வடிவம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விடுபட்டவர்கள்

இந்நாவல்களின் மையத்தில் இருப்பவர் சிறு நிலவுடைமை விவசாயி. நிலம் அவருக்குச் சொத்து, மானம், முன்னோர் எல்லாமும். அதனால் நிலத்தை இழப்பது அவருக்கு எல்லாவற்றையும் இழப்பதாகிறது. சொந்தமாக நிலமே இல்லாமல், அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பங்களுக்கு ஊர் மூழ்கியபோது என்ன நேர்ந்தது? பட்டா இல்லாதவருக்கு நிலத்துக்கான இழப்பீடு என்ற பேச்சே எழாது. கூலி கொடுத்த காடும் போய்விடும். இவர்கள் இந்நாவல்களின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். கள்ளிக்காட்டின் இதிகாசம் என்ற தலைப்பு முழு ஊரையும் உரிமை கொண்டாடுவதால் இக்கேள்வியைக் கேட்பது நியாயமே.

பச்சைப் பள்ளத்தாக்கும் இந்நாவல்களில் முழுமையாக வரவில்லை. பெரியாற்று நீரால் வளம் பெற்ற கம்பம், கூடலூர் பக்கத்து விவசாயியும், அதே நீருக்காக ஊரை விட்ட கள்ளிக்காட்டு விவசாயியும் ஒரே கதையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் நாவல் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. தேனி மாவட்டத்தின் அடுத்த தலைமுறை எழுத்தாளர்களுக்குக் காத்திருக்கும் பொருள் இது.

மதிப்பீடு

அளவில் பெரிதான வைரமுத்துவின் உரைநடையில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ முதலிடம் பெறுகிறது. சொந்த ஊரின் இழப்பிலிருந்து எழுந்தது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. கருத்தைச் செயலாகக் காட்டுவதில் இந்நூலே பெரிதும் வெற்றி பெறுகிறது. ‘கருவாச்சி காவியம்’ அதன் சிறந்த பகுதிகளில் முதல் நாவலுக்கு இணையானது. ‘மூன்றாம் உலகப்போர்’ எடுத்துக்கொண்ட பொருளால் முக்கியமானது. ‘தண்ணீர் தேசம்’ அறிவியலையும் கவிதையையும் சேர்க்க முயன்ற சோதனை என்ற அளவில் படிக்கத்தக்கது.

முதன்முறை படிக்கும் மாணவர்கள் ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்திலிருந்து தொடங்குவது நல்லது. படிக்கும்போது தேனி மாவட்ட வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வருசநாடு, ஆண்டிபட்டி, வைகை அணை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். கதைசொல்லியின் உவமைகளைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டு, கிணறு வெட்டும் பகுதியை மறுபடி படித்தால், நாவலின் உண்மையான வலு எங்கே இருக்கிறது என்பது தெரியும். பெரியகுளம், ஆண்டிபட்டி வட்டாரங்களைச் சேர்ந்த மாணவர்கள் மேலும் ஒன்று செய்யலாம். அணைக்காக ஊர் மாறிவந்த குடும்பங்களில், குழந்தைப் பருவத்தில் அந்தப் பெயர்ச்சியைக் கண்டவர்கள் இன்று எழுபது வயதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். நாவல் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.